மின்னொளியும் சாம்பலும்



பொறியியல் பயிலும் நம் இளைஞர்களுக்கு ஒன்று கூற விழைகின்றோம். வட சென்னை அனல் மின்நிலையம் 1994இல் மின்னாக்கம் தொடங்கியது. நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் சாம்பலே. அச்சாம்பலைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்தமையால் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் பிழைப்பு குன்றியது.

கொதிகலனின் திறனைக் கணக்கிடும் மாணவர், அதன் சாம்பல் எவர் வாசலில் சேரும் என்பதையும் கணக்கிடக் கற்றல் வேண்டும். காற்றாலைக்கும் சூரிய ஒளித் தகட்டுக்கும் நிலம் எவருடையது, கழிவு எங்கே போகும் என்று கேட்டல் வேண்டும்.

ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட நாம், கழிவு வந்து சேரும் இடத்தை நன்கறிவோம். அவ்வறிவும் பொறியியலே. வரைபடம் உங்கள் கைக்கு வரும் நாளில் அதனை மறவாதீர்கள்.