குருத்தைக் கிள்ளும் கலை

1923ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பின் டோக்கியோவை நீங்கி, 1925இல் ஓமியாவில் குடியேறிய போன்சாய் என்னும் குறுமரக் கலை வித்தகர்கள் பேணிய விருட்சங்களுள் ஜப்பானிய மேப்பிள் விசேஷமானது. அதன் நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் என்னும் ரசாயன வஸ்து, தண்டின் வழியே கீழிறங்கிப் பக்க மொட்டுகளை உறங்க வைத்து, மரத்தை உயரவே செலுத்துகிறது. ஆகவே வசந்த காலத்தில், முதல் ஜோடி இலைகள் விரியும் தருணத்தில், அவற்றின் நடுவே நூலிழையாக எட்டிப்பார்க்கும் இளங்குருத்தைச் சாமணத்தால் கிள்ளிவிட்டால், எதிரெதிராக அமைந்த அவ்விலைகளின் அடிக்கணுவிலிருந்து ஒன்றுக்கு இரண்டாகக் கிளைகள் புறப்படும். கறுப்புப் பைன் மரத்துக்கோ கோடையின் தொடக்கமே உசிதமான காலம். ஆனால் ஆசை மிகுந்த ஆரம்பகாரர் பலர் செய்வதுபோல் அடிமரம் பருக்குமுன்பே ஓயாது கிள்ளினால், கிளை பெருகுமேயன்றித் தண்டு மெலிந்தே நிற்கும். கன்றைச் சில வருஷங்கள் நிலத்தில் இஷ்டம்போல் ஓங்கி வளரவிட்டுப் பிறகு கத்தரியை எடுப்பதே நலம்.