கல் மட்டும்தான் அடைக்குமா?



சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். அகலமோ 3, 4 மில்லிமீட்டர்தான். அது அடைபட்டால் உடனே 'கல்' என்கிறோம். வயதானவர்களுக்கு வேறு காரணங்களும் உண்டு.

மலச்சிக்கலால் இறுகிய மலம் குழாயை வெளியிலிருந்து அழுத்தலாம். வயிற்றின் பெரிய இரத்தக்குழாய் வீங்கினாலும் அப்படித்தான். முதுகுப்பக்கம் நார்த்திசு படர்ந்து குழாயை நெரிக்கும் நோயை அமெரிக்க மருத்துவர் ஜான் ஆர்மண்ட் 1948இல் விளக்கினார்.

ஆனால் நம் தாய்மார்கள் வெளியில் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அது கர்ப்பப்பை இறக்கம். கர்ப்பப்பை முழுதாக இறங்கும்போது இரண்டு குழாய்களும் இழுபட்டு மடங்கலாம். வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்கும்.

என் பாட்டி கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எட்டுப் பிள்ளைகள், பால்வாளிச் சுமை வேறு. "கீழே என்னமோ இறங்குது" என்பதை வெட்கத்தால் பல வருடம் மறைத்தார். கால் வீங்கிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். உள்ளே வளையம் பொருத்தியதும் அடைப்பு நீங்கியது. ஆனால், கெட்டுப்போன சிறுநீரகம் முழுமையாகத் தேறவில்லை.

முன்பே தெரிந்திருந்தால் ஒரு ஸ்கேனும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் காட்டிக் கொடுத்திருக்கும்.

மகள்களே, மருமகள்களே! இந்த வாரம் அம்மாவிடம், பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.