கட்டளைக்குக் கையொப்பம் யாருடையது?



நம் காலனிப் பிள்ளைகள் கணினித் திரையில் எழுத்தாலேயே ஆணையிட்டு வேலை வாங்குவதைக் காண்கின்றோம். அதனைக் கட்டளைவரி என்பர். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளும் இன்று அங்கே புகுந்துவிட்டன. அவற்றைக் கையாளும் முறை பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தது. டக்ளஸ் மெக்கில்ராய் வற்புறுத்திவந்த எண்ணத்திற்கிணங்க, 1973இல் கென் தாம்சன் அதில் 'பைப்' என்னும் குழாயை அமைத்தார். ஒரு நிரல் தரும் விடை அக்குழாய் வழியே அடுத்த நிரலுக்குச் செல்லும். வண்டிப் பெட்டிகளைப் பிணைப்பதைக் கண்டு பழகிய நமக்கு இஃது எளிதில் விளங்கும். அவ்வரிசையில் மொழி மாதிரியும் இப்பொழுது ஒரு பெட்டியாயிற்று.

நம் சங்க நூலகப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தாயகம் விட்டு வந்த நம் பெற்றோர் மூட்டையோடு மூட்டையாய்க் கொணர்ந்த நூல்களின் பட்டியல் அது. ஒரே ஆசிரியர் பெயர் 'சுப்ரமணியன்' என்றும் 'சுப்பிரமணியன்' என்றும் இருக்கும். 'சார்ட்', 'யூனிக்' என்னும் பழைய நிரல்கள் இருவராகவே எண்ணும். ஆயினும் எத்தனை முறை கேட்பினும் ஒரே விடை தரும். மொழி மாதிரியோ இருவரும் ஒருவரே என ஊகிக்க வல்லது. ஆனால் கேட்கும்தோறும் விடை மாறக்கூடும். இல்லாத நூலையும் உண்டெனக் கூறக்கூடும். ஆகவே எண்ணுவதைப் பழைய நிரலுக்கும், பொருள் காண்பதை மாதிரிக்கும் விட்டு, சரிபார்ப்பதை நாம் வைத்துக்கொள்வதே முறை.

2025இல் வெளிவந்த கிளாட் கோட், ஜெமினி சிஎல்ஐ போன்றவை தாமே கட்டளை எழுதி, "இயக்கலாமா?" என்று நம்மைக் கேட்கின்றன. சலிப்பினால் படியாமலே 'ஆம்' என்பது பேராபத்து. 'ஆர்எம்' என்னும் கட்டளை அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்கும் போகாது. டோக்கன் முறையுள்ள ஒற்றைப் பாதையில், அது கைக்கு வாராமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தமாட்டார். அந்த டோக்கனை அளிக்கும் இடத்தில் நிற்பவர் நாம்.

மேலும், இவை பெரும்பாலும் தொலைவிலுள்ள கணினிகளில் இயங்குவன. குழாயில் விடும் உறுப்பினர் முகவரிகளும் அங்கே சென்றுவிடும்.

இளைஞர்களே! முதலில் நகலெடுத்து வையுங்கள், கட்டளையை முழுதும் படியுங்கள், விளங்காததற்கு இசையாதீர்கள். வரைவு எந்திரத்தினதாயினும் கையொப்பம் நம்முடையதே.