வாங்கிய படம் யாருடையது?

ஆமத்தூரில் ஒருவர் திரைப்பட டி.வி.டி. தகடு வாங்கினால் அஃது அவருடைமை. அண்டை வீட்டாருக்கு இரவலும் தரலாம். இணையத்தில் ‘வாங்கும்’ படமோ நிறுவனத்தின் கணினியிலேயே தங்குகிறது. நமக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டுமே.

அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு வால்மார்ட் கடைகள், தகட்டைக் கொண்டுவந்து 2 டாலர் கட்டியோர்க்கு அதே படத்தை இணையத்திற் பார்க்க வழிசெய்தன. அவ்வனுமதிகளைப் பதிந்து காத்த ‘அல்ட்ராவயலட்’ அமைப்போ 2019 ஜூலை 31-இல் மூடப்பட்டது. வேறு விற்பனையாளருடன் கணக்கை இணைத்திருந்தோர்க்கே பெரும்பாலும் படங்கள் எஞ்சின.

பிரதி அழிந்தால் நேரும் இழப்பைத் தமிழகம் அறியும். நம் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. அதன் பிரதி இன்று கிட்டவில்லை. தகடும் கீறலுற்றுக் கெடும், கணக்கும் மூடப்படும். ஆதலின் இணையத்தின் வசதியை ஏற்போம். அதனை நம்பித் தகட்டை எறியாதிருப்போம்.