குப்பை பிரிக்கும் கைக்குப் புரிகிற சீட்டு வேண்டும்
(மேட்டூரில் துப்புரவுத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சம்பளத்தைப் பற்றியும் பணி நிரந்தரத்தைப் பற்றியும் நமது தோழர்கள் விரிவாகப் பேசிவிட்டார்கள். நாம் ஒரு சின்னஞ்சிறு பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். சுவர்க் கடிகாரத்திலும் டி.வி. ரிமோட்டிலும் குழந்தையின் பொம்மையிலும் இருக்கிறதே, அந்தப் பேட்டரிதான் அது.

தீர்ந்துபோன பேட்டரி குப்பைக் கூடைக்குப் போகிறது. மறுநாள் காலையில் அது உங்கள் கைக்கு வருகிறது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு. ஒன்றில் துத்தநாகமும் மாங்கனீசும், ஒன்றில் நிக்கலும் காட்மியமும், இன்னொன்றில் லித்தியம். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். எமர்ஜென்சி விளக்கிலிருந்து கழற்றிய பெட்டிப் பேட்டரி ஈயமா, லித்தியமா என்று தோற்றத்தை வைத்துச் சொல்வது கடினம். ஈயம் உருக்கும் உலைக்குள் லித்தியம் போய்விட்டால் வெடிக்கும். அப்போது உலையடியில் நிற்பவன் யார்? தொழிலாளிதான்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2001ஆம் ஆண்டு விதிகள் ஈய அமில பேட்டரிகளை மட்டுமே கவனித்தன. 2022 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சிறிய பேட்டரிகளையும் சேர்த்துக்கொண்டன. பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் சுமத்தப்பட்டது. பாதரசம் எடையில் 0.0005 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குறுக்கே கோடு போட்ட குப்பைத் தொட்டிச் சின்னமும் வேண்டும். இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அந்தச் சீட்டு யாருக்காக? காட்மியத்துக்கு ‘சி.டி.’, ஈயத்துக்கு ‘பி.பி.’ என்று ஆங்கில எழுத்தில் போட்டால் ரசாயனம் படித்தவருக்குப் புரியும். குப்பையைப் பிரிக்கும் தாய்க்குப் புரியுமா? ஐரோப்பாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், சின்னம் அரை சென்டிமீட்டரைவிடச் சிறிதாகிவிடும் என்றால் பேட்டரியில் வேண்டாம், அட்டையில் அச்சிட்டால் போதும் என்றது. அட்டையோ வாங்கிய அன்றே கிழிக்கப்படுகிறது! பொத்தான் பேட்டரியின் முதுகில் ‘சி.ஆர்.’ என்று கம்பெனிக்காரர் பொறிக்கிறார். அது லித்தியம் என்று பொருள். அதற்கு இடமிருக்கும்போது எச்சரிக்கைக்கு மட்டும் இடமில்லையா?

கண்ணுக்குத் தெரியாத விஷம் எங்கே போய்ச் சேரும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. 2001ஆம் ஆண்டு, ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி காயலான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. பார்வைக்கு அது வெறும் பழைய கண்ணாடி! மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது.

ஆகவே நமது கோரிக்கைகள்: ஒவ்வொரு வகைப் பேட்டரிக்கும் ஒரு நிறம், உள்ளே இருப்பதன் பெயர் தமிழில், எச்சரிக்கை பேட்டரியின் மேலேயே, பேட்டரி விற்கும் ஒவ்வொரு கடையிலும் திரும்பப் பெறும் பெட்டி, துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறையும் தனிக் கூடையும். பெட்டி வைக்காமல் சீட்டு மட்டும் ஒட்டினால் அது கண்துடைப்பு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழல் வெந்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தீர்ந்த பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் போடுங்கள்.

பேட்டரியை விற்று லாபம் எடுப்பவர் ஒருவர், அதன் விஷத்தைச் சுமப்பவர் வேறொருவர் என்ற நியாயம் இனி செல்லாது. நகராட்சியிடம் நமது மனுவை ஒன்றுபட்டுக் கொண்டுசெல்வோம், வாருங்கள்!