தங்கவயலுக்கு வந்த மின்சாரமும் கணினித் தொகுப்பின் வணிகமும்

(நந்திதுர்க்கில் மாணவர்களும் அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



கணினியைப் பற்றிப் பேச வந்த நான் மின்சாரத்திலிருந்து தொடங்குகிறேன். 1902 ஜூன் மாதத்தில், காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோ மீட்டர் தொலைவு கடந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் அதுவும் ஒன்று. அதற்கு முன்னர் நந்திதுர்க் உள்ளிட்ட சுரங்கங்கள் நீராவி இயந்திரங்களையே நம்பியிருந்தன. கொதிகலன், எரிபொருள், பழுதுபார்ப்பு அனைத்தும் சுரங்கத்தின் சொந்தப் பொறுப்பு. மின்சாரம் வந்தபின் ஆற்றல் என்பது அளந்து வாங்கும் சரக்காயிற்று.

கணினித் துறையில் இதே மாற்றத்தை நாடியதே 'கிரிட் கம்ப்யூட்டிங்' எனப்படும் கணினித் தொகுப்பு முறை. மின்தொகுப்பை நினைவிற்கொண்டே இப்பெயர் இடப்பட்டது. 1998-இல் இயன் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன் ஆகிய இருவரும் பதிப்பித்த நூலின் வாயிலாக இக்கருத்து பரவலாயிற்று. வெவ்வேறு நிறுவனங்களிலுள்ள கணினிகளை வலையமைப்பால் இணைத்து, ஒரு பெரும் வேலையைக் கூறுகளாக்கி, ஓய்ந்திருக்கும் பொறிகளுக்குப் பகிர்ந்தளிப்பதே இதன் அடிப்படை.

இதன் பொருளாதாரம் எளிது. கணினி வாங்குவது நிலையான செலவு. அது இயங்கினாலும் இயங்காவிட்டாலும் தேய்மானம் உண்டு. வங்கிக்கு மாத இறுதியில் வேலை மிகுதி. கல்விக்கூடத்திற்குத் தேர்வுக் காலத்தில். வானிலைத் துறைக்குப் பருவமழைக் காலத்தில். ஒவ்வொருவரும் தத்தம் உச்சத் தேவைக்கேற்பப் பொறி வாங்கினால், எஞ்சிய நாட்களில் அவை வீணே நிற்கும். உச்சங்கள் வேறுபடும் பலர் ஒன்றுசேர்ந்தால் குறைந்த முதலீட்டில் அனைவரின் தேவையும் நிறைவேறும்.

இம்முறை அறிவியலில் பெருவெற்றி கண்டது. இந்தத் தங்கவயலின் ஆழ்சுரங்கத்தில்தான், தரைக்குக் கீழே இரண்டு கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் வெளிநாட்டு அறிஞர்களுடன் இணைந்து 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டனர். அதே நிலையம் இன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்ட உலகக் கணினித் தொகுப்பில் ஓர் உறுப்பாக விளங்குகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கணினி மையங்கள் அதில் இணைந்துள்ளன. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'கருடா' தொகுப்பு, முதற்கட்டத்தில் 17 நகரங்களிலுள்ள 45 ஆய்வு, கல்வி நிறுவனங்களை இணைத்தது.

ஆனால் வணிகத்தில் வரலாறு வேறு. 2006-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஒரு செயலி-மணிக்கு ஒரு டாலர் என்று கணிப்பாற்றலை விற்கத் தொடங்கியது. அது வேரூன்றவில்லை. அதே ஆண்டு அமேசான் தொடங்கிய சேவையோ 'மேகக் கணினி' என்ற பெயரில் பெருந்தொழிலாக வளர்ந்தது. பலருடைய பொறிகளை இணைப்பதில் கணக்கு, பாதுகாப்பு, பொறுப்பு ஆகிய மூன்றிலும் சிக்கல் உண்டு. வேலை பாதியில் நின்றால் யார் பொறுப்பு? வாடிக்கையாளரின் இரகசியம் அயலார் கணினியில் காக்கப்படுமா? ஒரே உரிமையாளரின் கூடத்தில் இவற்றுக்கு விடை எளிது. மேலும், கூறுகளாகப் பிரிக்க இயலாத, நொடிதோறும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டிய கணக்குகளுக்குத் தொலைவிலுள்ள பொறிகள் உதவமாட்டா. மருந்து மூலக்கூறுகளை வடிகட்டுதல், திரைப்படச் சட்டங்களை உருவாக்குதல், வங்கிக் கடன் இடர்களை மதிப்பிடுதல் போன்றவையே இதற்கு ஏற்றவை.

எனினும் பகிர்வுக் கருத்து மறையவில்லை. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ரூ.10,371.92 கோடியில் ஒப்புதலளித்த இந்தியா ஏ.ஐ. இயக்கம், பல தனியார் நிறுவனங்களின் செயலிகளை ஒரே வாயில் வழியாக, சலுகைக் கட்டணத்தில், மணிக்கணக்கில் வழங்க முற்பட்டது. சிறு தொழில்முனைவோர்க்கும் மாணவர்க்கும் இது நல்வாய்ப்பு.

இங்கே சிவசமுத்திரத்தின் பாடம் பயன்படும். சுரங்கங்கள் என்ற உறுதியான வாடிக்கையாளர் இருந்ததாலேயே அத்திட்டம் துணிந்து மேற்கொள்ளப்பட்டது; பெங்களூர் நகரத்திற்கு மின்விளக்கு 1905-இல்தான் கிடைத்தது. கணிப்பாற்றலுக்கும் அத்தகைய முதல் வாடிக்கையாளர் தேவை. அரசு அலுவலகங்களே அந்த இடத்தை ஏற்கலாம். புதுப் பொறி கேட்டுக் கோப்பு அனுப்புமுன், இருக்கும் பொறி ஆண்டில் எத்தனை மணி இயங்கியது என்று கணக்கெடுக்க வேண்டுகிறேன்.

மற்றொரு பாடம் கசப்பானது. 2001 பிப்ரவரி 28-இல் இச்சுரங்கங்கள் மூடப்பட்டன. மின்சாரம் இருந்தது, வேலை போயிற்று. இன்றும் இவ்வூர் இளைஞர்கள் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். கணிப்பாற்றல் கம்பி வழியே எவ்வூருக்கும் வரும். அதனால் மட்டும் பிழைப்பு வந்துவிடாது. ஒரு வேலையைக் கூறுகளாக்கவும், செலவைக் கணக்கிடவும், தரவைக் காக்கவும் அறிந்தவர்கள் இங்கேயே உருவாக வேண்டும். அப்பயிற்சிக்குப் பெருங்கணினி வேண்டியதில்லை. ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் இரவில் ஓய்ந்திருக்கும் இருபது கணினிகளை இணைத்தே தொடங்கலாம். அம்முயற்சிக்கு மாணவர்களும் அலுவலர்களும் முன்வர வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.