கண் சாலையில், கை எங்கே?

சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கிறவர்களுக்கு அதன் பாடு தெரியும். 2023 டிசம்பர் இறுதியில் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறந்துவிட்டது. அந்தச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஓட்டுநர், ஏசியைக் குறைக்கத் தொடுதிரையை 2 விநாடி பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 33 மீட்டர் ஓடியிருக்கும்.

இதே சாலையில் செங்கல்பட்டுப் பக்கம் போனால் மகிந்திரா வேர்ல்ட் சிட்டி. அங்கே 2012 முதல் இயங்குகிறது மகிந்திரா ரிசர்ச் வேலி என்ற ஆய்வு மையம். 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மகிந்திராவின் எக்ஸ்இவி 9இ காரில் 12.3 அங்குலத் திரைகள் மூன்று, டேஷ்போர்டு முழுக்க வரிசையாக நிற்கின்றன. மிடுக்குக்குக் குறைவில்லை. கம்பெனிகளுக்கும் திரை லாபம்: ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அச்சு, தனி வயர் வேண்டாம், வண்டியை விற்ற பிறகும் மென்பொருளால் மாற்றிக்கொள்ளலாம்.

ஓட்டுகிறவருக்கு லாபமா என்பதை அளந்து பார்க்க வழி உண்டு. 1.5 விநாடி திறந்து 1.5 விநாடி மூடிக்கொள்ளும் ஒரு கண்ணாடியை ஓட்டுநருக்கு மாட்டுவார்கள். மூடியிருக்கும் நேரம், அவர் சாலையைப் பார்க்கும் நேரத்துக்கு ஈடு. அந்த விட்டுவிட்டுக் கிடைக்கும் பார்வையில் ஒரு வேலையை முடிக்கச் சொல்வார்கள். கண்ணாடி திறந்திருந்த நேரம் மொத்தம் 12 விநாடியைத் தாண்டக்கூடாது என்கிறது, அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி. அதற்கு மேல் போகும் வேலையை ஓடும் காரில் அனுமதிக்கவே கூடாதாம்.

ஸ்வீடனில் 'வி பில்எகாரே' என்ற கார் பத்திரிகை 2022இல் நேரடியாகவே சோதித்தது. வேகம் 110 கிலோமீட்டர். வெப்பத்தைக் கூட்டுவது, ரேடியோ நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு வேலைகள். பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வால்வோ வி70இல் பத்தே விநாடியில், 306 மீட்டருக்குள் எல்லாம் முடிந்தது. திரையை நம்பிய புத்தம்புதிய எம்ஜி மார்வெல் ஆர் காருக்கு 44.9 விநாடி ஆனது. அதற்குள் வண்டி ஓடிய தூரம் 1,372 மீட்டர்!

ஐரோப்பா விழித்துக்கொண்டது. இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாவிட்டால், 2026 முதல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பின் மதிப்பீட்டில் புள்ளி குறையும். ஃபோக்ஸ்வாகனும் முக்கியமான பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவருவதாக 2025இல் சொல்லிவிட்டது.

கண்ணைத் தொந்தரவு செய்யாத ஏற்பாடு ஒன்று நம் நாட்டிலும் இருக்கிறது. 2019 ஜூலை முதல் தயாரான கார்களில், வேகம் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும் 120ஐத் தாண்டினால் நிற்காமலும் எச்சரிக்கை ஒலி வரும். மாலை நேர ஜி.எஸ்.டி. நெரிசலில் அதைக் கேட்கும் பாக்கியம் யாருக்கும் வாய்ப்பதில்லை, அது வேறு விஷயம். ஆனால் சித்திரை வெயிலில் ஓயாமல் கை வைக்கும் ஏசிக்குத் திருகும் குமிழ் வேண்டும் என்று இங்கே எந்த விதியும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

அதுவரை கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஒன்று செய்யலாம். நிற்கும் வண்டியில் இருக்கையைச் சரிசெய்துகொண்டு, ஸ்டீயரிங் வளையம் வேகமானியை மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏசியைக் குறையுங்கள், வைப்பரை ஓட விடுங்கள், ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். வீட்டில் அந்தக் காரை ஓட்டப்போகும் மற்றவர்களையும் இதே மாதிரி உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு முன்பணம் கட்டுங்கள்.